உயரத்தைக் கணக்கிட்டுப் புறப்படுங்கள்: பினாங்கிலிருந்து காளி கண்டகிக்கு ஒரு கல்விப் பயணம்

நேப்பாளத்தின் காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்குக்குக் கள ஆய்வுக்குச் செல்ல விரும்பும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை நாள் விடுப்பு எடுக்க வேண்டும் என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, எந்த இரவு எவ்வளவு உயரத்தில் உறங்கப் போகிறோம் என்பது. பினாங்கில் வளர்ந்த நமக்குத் தெரிந்த உயரம் 833 மீட்டர் கொடிமலை. போக்கரா நகரமோ ஏறத்தாழ 820 மீட்டரில் இருக்கிறது. நம் மலை முடியும் உயரத்தில்தான் அங்கே பயணமே தொடங்குகிறது.

என் முதல் பயணத்தில் இதை நான் உணரவில்லை. பயண முகவர் ஒருவர் போட்டுக் கொடுத்த திட்டத்தை நம்பி, போக்கராவிலிருந்து ஜீப்பில் ஒரே நாளில் முக்திநாத் கோயிலின் அடிவாரத்திலுள்ள ராணிபௌவாவுக்கு, அதாவது 3,700 மீட்டருக்கு, ஏறிவிட்டோம். அன்று மாலையே உடன் வந்த மாணவி ஒருத்திக்குத் தலைவலி தொடங்கியது. இரவு உணவைப் பார்த்ததும் வாந்தி எடுத்தாள். பத்து மணிக்கு ஒரு ஜீப்பைத் தேடிப் பிடித்து 2,800 மீட்டரிலுள்ள காக்பேனிக்கு இறக்கினோம். மறுநாள் காலை அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆகவே விதியை முதலில் எழுதி வையுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், உறங்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். தலைவலியோடு குமட்டலும் சோர்வும் சேர்ந்தால் அன்று ஏற்றம் இல்லை. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பாராமல் கீழே இறங்க வேண்டும். உயரத்தால் வரும் இந்த நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை பலருக்கு உதவுகிறது. ஆயினும் சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் இருப்பதால், இங்கேயே மருத்துவரைப் பார்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது. நான் இப்போது வகுக்கும் திட்டம் இதுதான்: முதல் இரவு போக்கரா, இரண்டாம் இரவு சுமார் 1,200 மீட்டரிலுள்ள தாதோபானி, மூன்றாம் இரவு 2,500 மீட்டரை ஒட்டிய காலோபானி, நான்காம் இரவு 2,700 மீட்டரையொட்டிய ஜோம்சோம், அடுத்த மூன்று இரவுகள் காக்பேனி. முக்திநாத்துக்குப் பகலில் ஏறி, மாலைக்குள் காக்பேனிக்கே திரும்பி உறங்குகிறோம்.

இப்படி மெல்ல ஏறுவது உடலுக்கு மட்டுமல்லாமல் படிப்புக்கும் உகந்தது. அன்னபூர்ணாவுக்கும் தௌலகிரிக்கும் நடுவே, இரண்டு எண்ணாயிர மீட்டர் மலைகளைப் பிளந்துகொண்டு ஓடும் இந்த ஆற்றின் கரையில், இமயமலையின் அடுக்குகளை வரிசையாக நடந்தே பார்க்கலாம். பெயரிலேயே வெந்நீரைக் கொண்டிருக்கும் தாதோபானியின் ஊற்றுகள், இமயத்தின் முதன்மையான பிளவுத்தளங்களுள், அதாவது பாறைத்திரள்கள் உடைந்து ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்த இடங்களுள், ஒன்றுக்கு அருகில் இருக்கின்றன. அங்கிருந்து வடக்கே செல்லச் செல்லப் பாறைகள் மாறி, இமயம் எழும் முன் இங்கிருந்து மறைந்துபோன டெதிஸ் கடலின் அடியில் படிந்தவற்றுக்குள் நுழைகிறோம். காக்பேனியில் சாலையோரக் கடையொன்றில் ஒரு சாளக்கிராமத்தை வாங்கிப் பாருங்கள். விலைக்கன்று, கையில் வாங்கி. கரிய உருண்டைக் கல் இரண்டாகப் பிளந்திருக்கும். உள்ளே ஆட்டுக்கொம்புபோல் சுருண்ட வரி, ஒவ்வொரு வளையத்திலும் நெருக்கமான சிறு மேடுகள். நம் வீட்டுப் பூசையறையில் பெருமாளாக இருக்கும் கல், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிரின் புதைபடிவம். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத் தலம் முக்திநாத் என்றே வைணவர் போற்றுவதால், வழியில் தமிழ் பேசும் யாத்திரிகர்களையும் காண்பீர்கள். அவர்கள் வணங்கும் கல்லைப் பற்றிப் பேசும்போது மரியாதை வேண்டும். இரண்டு பார்வையும் ஒரே கல்லில் இருக்க இடமுண்டு. கல் எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். மாதிரி சேகரிக்க முறையான அனுமதி வேண்டும். அருகில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்தால் அளவும் பதிவாகிவிடும்.

பாறை உங்கள் துறை இல்லையென்றால் மழையை எடுத்துக்கொள்ளுங்கள். போக்கராவில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நேர்க்கோட்டில் எழுபது கிலோமீட்டர்கூட இல்லாத ஜோம்சோமில் 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. மலை மழையைத் தடுத்து மறுபுறத்தை வறளவிடும் மழைமறைவை இவ்வளவு அருகருகே காட்டும் இடம் அரிது. எதை எடுத்தாலும் ஒரே கேள்வியோடு செல்லுங்கள். மூன்று கேள்விகளோடு வந்தவர்கள் புகைப்படங்களோடு மட்டுமே திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரையும், மார்ச், ஏப்ரலிலும் செல்லலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள பேனி நகரிலிருந்து ஜோம்சோம் செல்லும் சாலை மழையில் அடிக்கடி சரியும். 2015 மே மாதம், மழைக்காலம் தொடங்கும் முன்பே, பேனிக்கு வடக்கே மலை சரிந்து இந்த ஆற்றையே மணிக்கணக்கில் அடைத்துவிட்டது.

தாள் வேலைகள் அதிகமில்லை. ஆறு மாதம் செல்லுபடியாகும் கடப்பிதழ், காட்மாண்டு விமான நிலையத்திலேயே கிடைக்கும் விசா (15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர்), அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான 3,000 நேப்பாள ரூபாய் அனுமதி ஆகியவை வேண்டும். காக்பேனிக்கு வடக்கே மேல் முஸ்தாங். தனி அனுமதியின்றி அங்கே காலெடுத்து வைக்கக் கூடாது. காப்புறுதிப் பத்திரத்தை மட்டும் வரி வரியாகப் படியுங்கள்: எத்தனை மீட்டர் உயரம் வரை பொறுப்பேற்கிறார்கள், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்ற இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பயிற்சிக்குப் பினாங்கின் தண்ணீர்மலைக் கோயில் போதும். ஐந்து கிலோ அரிசியைப் பையில் வைத்து, விடியற்காலையில் அதன் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளை ஏறி இறங்குங்கள். வாரம் நான்கு நாள், இரண்டு மாதம். இது காலுக்கு வலுவூட்டும்; உயரத்துக்கு உடலைப் பழக்காது என்பதை மறக்க வேண்டாம். குளிராடைகளை இங்கே விலை கொடுத்து வாங்குவதைவிட போக்கராவில் வாடகைக்கு எடுப்பது மேல். மொழிக்கு ஆசிரியர் உங்கள் அடுக்குமாடி வாசலிலேயே இருக்கலாம். ஜாகா (வாசற்காவல்) வேலை பார்ப்பவர்களில் நேப்பாளிகள் பலர். எங்கள் வாசலில் இருந்த அண்ணன்தான் ‘பிஸ்தாரை’ என்றால் மெதுவாக, ‘பஹிரோ’ என்றால் மண்சரிவு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். முதல் சொல்லை மலையில் தினமும் கேட்பீர்கள்.

களத்தில் காலையே வேலைக்கான நேரம். முற்பகல் கழிந்ததும் தெற்கிலிருந்து பள்ளத்தாக்கின் வழியே காற்று எழும்பி, ஜோம்சோமில் மணலை முகத்தில் வீசும். விமானங்களும் காலையில் மட்டுமே பறக்கின்றன. குறிப்பேட்டின் இரு பக்கத்தையும் ரப்பர் வளையத்தால் கட்டி, பென்சிலால் எழுதுங்கள். ஒவ்வொரு பதிவிலும் நேரம், உயரம், நின்ற இடம், பார்த்த திசை நான்கும் முதலில் வர வேண்டும். படமெடுக்கும் முன் கையால் ஒரு கோட்டோவியம் வரையுங்கள். வரையும்போதுதான் கண் அடுக்குகளை எண்ணுகிறது. அன்றைய குறிப்புகளை அன்றிரவே செம்மைப்படுத்துங்கள். திரும்பும் வழியில் போக்கராவில் ஒரு முழு நாளை ஒதுக்கி, குழுவினர் அனைவரும் ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முரண்படும் இடங்களைச் சிவப்பு மையில் குறித்த பிறகே காட்மாண்டுக்கு வண்டி ஏறுங்கள்.