டெவில்ஸ் லேக்கில் முதல் முறை கூடாரம் போடப் போகிறீர்களா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பாராபூ ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்கா. 360 ஏக்கர் ஏரி, அதையொட்டி 500 அடி உயரத்துக்கு எழும் குவார்ட்சைட் பாறைச் சுவர்கள். பழைய பனியாறு இரண்டு முனையிலும் மண்ணையும் கல்லையும் கொட்டி அடைத்ததால் தேங்கிய தண்ணீர் இது.

முதலில் இடம் பிடிக்க வேண்டும். முன்பதிவு 11 மாதங்களுக்கு முன்பே திறந்துவிடும். கோடை வார இறுதி என்றால் திறக்கிற அன்றே பதிந்துவிடுங்கள். குவார்ட்சைட், நார்தர்ன் லைட்ஸ், ஐஸ் ஏஜ் என்று மூன்று முகாம்கள். மின் இணைப்பு வேண்டுமானால் முதல் இரண்டில் தேடுங்கள். காருக்கான அனுமதி ஸ்டிக்கரைத் தனியாக வாங்க வேண்டும்.

அடுத்து விறகு. வீட்டிலிருந்து தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். பட்டைக்குள் ஒளிந்திருக்கும் மரகதத் துளைப்பான் வண்டு ஆஷ் மரங்களை அழித்துவிடும். பூங்காவிலிருந்து 10 மைலுக்குள் வெட்டிய விறகு அல்லது சான்று பெற்ற விறகுதான் அனுமதி. அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். நாங்கள் முதல் முறை இருட்டிய பிறகு போய், கைபேசி வெளிச்சத்தில் கூடாரம் போட்டோம். இரவு முழுக்க முதுகில் ஒரு வேர் குத்திக்கொண்டே இருந்தது. அதனால் விரிப்பைப் போடும் முன் தரையைக் கையால் தடவிப் பாருங்கள். கல், குச்சி எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். கூடாரத்தைத் தரையோடு பிடித்து நிறுத்தும் முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். டங் என்று சத்தம் வந்தால் அடியில் கல் இருக்கிறது; நான்கு விரல் தள்ளி அடியுங்கள். வானம் தெளிவாக இருந்தாலும் கூடாரத்தின் மேலுறையைப் போட்டுவிடுங்கள், விடியற்காலைப் பனி நனைத்துவிடும்.

சாப்பிட்டு முடித்ததும் தயிர்சாத டப்பா வரை எல்லாம் காருக்குள் போக வேண்டும். சாப்பாட்டைத் தேடி ரக்கூன் என்ற சிறு விலங்குகள் வரும். நெருப்பில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பல் குளிர்ந்த பிறகே படுங்கள்.

காலையில் குழந்தைகளோடு டம்பிள்ட் ராக்ஸ் பாதையில் நடக்கலாம். ஏரியை ஒட்டிச் சமமாகப் போகும். கால் வலு இருந்தால் பேலன்ஸ்டு ராக் பாதையில் ஏறுங்கள். செங்குத்தான கற்படிகள், நல்ல ஷூ அவசியம். குளிக்கும் இடத்தில் உயிர்காப்பாளர் கிடையாது, பிள்ளைகள் எட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். அப்புறம் ஒரு கயாக் எடுத்து ஏரிக்குள் போங்கள். பெட்ரோல் மோட்டாருக்கு அங்கே அனுமதி இல்லை. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தம் கூடக் கேட்கும்.