ஒரே பதிவைப் பல ஏஐ ஏஜென்ட்கள் தொடும்போது: பகிர்ந்த நிலையைக் காப்பது எப்படி?

ஓர் இணையக் கடையின் வாடிக்கையாளர் சேவையை மூன்று ஏஐ ஏஜென்ட்கள் (மொழி மாடலின் துணையுடன் தாமே முடிவெடுத்துச் செயல்படும் நிரல்கள்) கவனிப்பதாகக் கொள்வோம். முதலாவது புகாரைப் படித்து, தேவையெனில் மாற்றுப் பொருள் அனுப்ப ஏற்பாடு செய்கிறது. இரண்டாவது பணத்தைத் திருப்பித் தருகிறது. மூன்றாவது வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுகிறது. இரண்டாவது ஏஜென்ட் ஆர்டரைப் படித்து 40 விநாடி யோசித்துக்கொண்டிருக்கும் இடைவெளியில், முதலாவது அதே ஆர்டருக்கு மாற்றுப் பொருளை அனுப்பிவிட்டால், வாடிக்கையாளருக்குப் பொருளும் போகும், பணமும் போகும். இரண்டு ஏஜென்ட்களின் தர்க்கத்திலும் பிழை இல்லை; ஒன்று பழைய தகவலை நம்பிவிட்டது, அவ்வளவுதான்.

ஏஜென்ட்டின் உரையாடலுக்குள் இருக்கும் ஆர்டர் விவரம், படித்த கணத்தில் எடுத்த நகல் மட்டுமே என்பதை வடிவமைப்பின் அடிப்படையாகக் கொள்ளுங்கள். உண்மையான நிலை தரவுத்தளத்தில் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஏஜென்ட்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்போதும் ஆர்டரின் முழு விவரத்தையும் அதில் ஒட்டி அனுப்பாமல், ஆர்டர் எண்ணை மட்டும் அனுப்பி, பெறுபவரே புதிதாகப் படித்துக்கொள்ளும்படி செய்யுங்கள். பொதுப் பலகை ஒன்றில் பல நிரல்கள் எழுதிப் படிக்கும் முறை புதியதல்ல. 1970களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேச்சைப் புரிந்துகொள்வதற்காக உருவாக்கிய ஹியர்சே-2 என்ற அமைப்பு அப்படித்தான் இயங்கியது.

அடுத்து, பதிவின் எந்தப் புலத்தை (அதிலுள்ள தனித்தனித் தகவலை) யார் எழுதலாம் என்று பிரித்துவிடுங்கள். பதில் எழுதும் ஏஜென்ட்டுக்கு ஆர்டரின் நிலையை மாற்றும் உரிமை தேவையே இல்லை. இந்த உரிமைப் பிரிவைப் பிராம்ப்டில், அதாவது மாடலுக்குத் தரும் அறிவுறுத்தலில், வேண்டுகோளாக எழுதி வைத்தால் போதாது, தரவுத்தள அனுமதியாகவே அமைக்க வேண்டும்.

பிரித்த பின்னும் இருவர் எழுத வேண்டிய புலம் மிஞ்சும். நம் எடுத்துக்காட்டில் அது ஆர்டரின் நிலை. அங்கே பூட்டுப் போடத் தோன்றும், அதாவது ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் மாற்ற முடியாதபடி தடுக்கத் தோன்றும். ஆனால் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தில் ஒரு வரிசையை (இங்கே ஓர் ஆர்டரின் பதிவை) பூட்டிவிட்டு மாடலின் பதிலுக்காக 40 விநாடி காத்திருந்தால், அந்த வரிசையை மாற்ற வேண்டிய அனைவரும் காத்திருப்பார்கள், தரவுத்தள இணைப்பும் வீணே பிடிபட்டிருக்கும். எச். டி. குங், ஜான் ராபின்சன் இருவரும் 1981இல் விவரித்த பூட்டில்லா முறையே இங்கு பொருந்தும். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பதிப்பு எண் வையுங்கள். ஏஜென்ட் படிக்கும்போது பதிப்பு 7 என்றால், எழுதும் கட்டளை ‘பதிப்பு இன்னும் 7 ஆக இருந்தால் மட்டும் மாற்று, மாற்றியதும் 8 ஆக்கு’ என்று இருக்க வேண்டும். மாறிய வரிசைகளின் எண்ணிக்கை சுழியமாக வந்தால், இடையில் வேறொருவர் எழுதிவிட்டார் என்று பொருள்.

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மோதல் வந்ததும் புதிய பதிப்பு எண்ணை எடுத்து, பழைய முடிவையே மறுபடி எழுதும்படி நிரலை அமைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பதிப்பு எண் வைத்ததற்கே பயனில்லை. பதிவைப் புதிதாகப் படித்து, அதை மாடலுக்குக் கொடுத்து, முடிவையே மீண்டும் எடுக்கச் செய்ய வேண்டும். மூன்று முறைக்கு மேல் மோதினால் மனிதரிடம் அனுப்பிவிடுவது நல்லது.

பணம் அனுப்புவது போன்ற, திரும்பப் பெற முடியாத செயலுக்கு முன்னால் நோக்கத்தைப் பதிவு செய்யுங்கள். முதலில் ‘பணம் திருப்புதல் தொடங்கியது’ என்று பதிப்புச் சரிபார்ப்புடன் எழுதி, அது வெற்றி பெற்ற பின்னரே கட்டணச் சேவையை அழைக்க வேண்டும். அந்த நிலையில் இருக்கும் ஆர்டருக்கு மாற்றுப் பொருள் அனுப்ப நிரல் மறுக்க வேண்டும். மாற்றுப் பொருளை அனுப்பும் ஏஜென்ட்டும் இதே ஒழுங்கில் தன் நோக்கத்தை முதலில் எழுத வேண்டும். அழைப்பின் நடுவே இணைப்பு அறுந்தால் மறுபடி அழைக்க நேரும் என்பதால், ஆர்டர் எண்ணையும் செயலின் பெயரையும் சேர்த்து ஒரு தனித்த அடையாளத்தை உருவாக்கி உடன் அனுப்புங்கள். ஸ்ட்ரைப் போன்ற சேவைகள், குறுகிய காலத்துக்குள் அதே அடையாளம் மீண்டும் வந்தால், புதிதாகப் பணம் அனுப்பாமல் முதல் முடிவையே திருப்பித் தருகின்றன. இந்த அடையாளத்தை மாடலையே உருவாக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் அது வேறொன்றைத் தரக்கூடும்.

குறிப்புகள், கண்டறிந்த தகவல்கள் போன்றவற்றை மேலெழுதாமல் புதிய வரிசைகளாகச் சேர்த்துக்கொண்டே போனால் மோதலே எழாது. ஏஜென்ட்களை இணைத்து இயக்க உதவும் லாங்கிராஃப் என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள், இணையாக எழுதப்படும் புலத்துக்கு எப்படி ஒன்றிணைப்பது என்ற விதியைக் குறிப்பிட வேண்டும். இல்லையெனில் ஒரே படியில் இரு மதிப்புகள் வரும்போது அது பிழை காட்டி நிற்கும். அந்தப் பிழையை நான் வரவேற்கிறேன், ஏனெனில் சத்தமின்றி ஒரு மதிப்பு தொலைவதைவிட அது எவ்வளவோ மேல்.

வெளியிடும் முன், படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே வேண்டுமென்றே ஒரு நிமிடத் தாமதத்தைச் செருகி, இரண்டு ஏஜென்ட்களை ஒரே ஆர்டரின் மீது ஏவிப் பாருங்கள். ஒன்று வெற்றி பெற வேண்டும், மற்றொன்று சுழியத்தைக் கண்டு மீண்டும் படிக்க வேண்டும், கட்டணச் சேவையின் பதிவில் அதிகபட்சம் ஒரே ஒரு பணம் திருப்புதல்தான் இருக்க வேண்டும்.