கோயில் வரலாறு எழுதப் புகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடமுழுக்கு நெருங்கினால் கோயிலுக்கு ஒரு மலர் அச்சாவது வழக்கம். அதில் தல வரலாறு எழுதும் பொறுப்பு பெரும்பாலும் ஆர்வமுள்ள இளைஞர் ஒருவரிடம் வந்து சேரும். அண்மையில் சரிபார்ப்பதற்காக என்னிடம் வந்த சில கையெழுத்துப் படிகளில், எங்கள் தலைமுறையினர் இத்துறைக்குப் புதிதாக வந்தபோது செய்த அதே பிழைகளைக் கண்டேன். எழுத்துப் பிழைகளை மெய்ப்புப் பார்ப்பவர் திருத்திவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கல்வெட்டில் பெயருள்ள அரசனையே கோயிலைக் கட்டியவனாக்குவது

மிகுந்த கேடு விளைவிப்பது இதுதான். கோயில் சுவரில் உள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை கொடை ஆவணங்கள். ஒருவர் நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிக்கச் 'சாவா மூவாப் பேராடு', அதாவது எண்ணிக்கை குறையாமல் பேண வேண்டிய ஆடுகள், தொண்ணூறு கொடுத்திருப்பார். அது எப்போது நடந்தது என்று குறிக்கவே அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் முதலில் வருகின்றன. அவ்வரசன் அந்தக் கோயிலைப் பார்த்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

காவிரியின் வடகரையில் உள்ள திருக்கோடிக்காவலை எடுத்துக்கொள்வோம். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலமாதலால் 7ஆம் நூற்றாண்டிலேயே அங்கு இறைவனுக்குக் கோயில் இருந்தது உறுதி. இன்றுள்ள கற்றளியின் (கருங்கல்லால் கட்டிய கோயிலின்) சுவரில் பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டு பொறித்த கல்வெட்டுகளும் உள்ளன. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் 'பல்லவர் கட்டிய கற்றளி' என்று எழுதிவிடுவார். ஆனால் அக்கற்றளியை எடுப்பித்தவர் உத்தம சோழனின் தாயார் செம்பியன் மாதேவியார். பழைய கற்களில் இருந்த ஆவணங்கள் அழிந்துவிடக் கூடாது என்று அவற்றைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டச் செய்து, 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்ற குறிப்பையும் பொறிக்கச் செய்திருக்கிறார்கள். செய்தி பல்லவர் காலத்தது, எழுத்தும் சுவரும் சோழர் காலத்தவை. அந்த ஒரு தொடரைப் படிக்காமல் விட்டால் முழு வரலாறும் பிழையாகும்.

பட்டப்பெயரால் நேரும் குழப்பமும் இதைச் சார்ந்ததே. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள். 'கோவிராசகேசரி பன்மற்கு யாண்டு' (அரசன் இராசகேசரிவர்மனுக்கு ஆட்சியாண்டு) என்று மட்டும் தொடங்கும் கல்வெட்டு முதலாம் ஆதித்தனுடையதாகவோ, கண்டராதித்தனுடையதாகவோ, சுந்தர சோழனுடையதாகவோ, முதலாம் இராசராசனுடையதாகவோ இருக்கலாம். 'மதுரை கொண்ட' என்ற அடைமொழி பரகேசரிப் பட்டத்தோடு இருந்தால் முதலாம் பராந்தகன் என்றும், 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளிய' என்றிருந்தால் இராசராசன் என்றும் துணியலாம். இராசராசனின் 'திருமகள் போல' என்று தொடங்கும் மெய்க்கீர்த்தி (அரசனின் வெற்றிகளைப் புகழும் முன்னுரை) அவனுடைய தொடக்க ஆண்டுகளில் காணப்படாது. அடைமொழி இல்லாதபோது எழுத்தமைதியும் (எழுத்தின் வடிவமும்) கல்வெட்டில் வரும் மனிதர்களின் பெயர்களுமே துணை.

ஓர் ஊரில் இத்தகைய கல்வெட்டை இராசராசனுக்கு உரியதாக்கி, 'மாமன்னன் எடுப்பித்த திருக்கோயில்' என்று கருங்கல் பலகை வெட்டினார்கள். எழுத்தமைதியோ முதலாம் ஆதித்தன் காலத்தைக் காட்டியது. பெரிய பெயரொன்றுக்கு ஆசைப்பட்டுத் தங்கள் கோயிலின் வயதில் நூறாண்டைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். குடமுழுக்குக்கு முன்பே சுட்டிக்காட்டியும், 'பலகை வெட்டியாகிவிட்டது' என்ற பதில்தான் கிடைத்தது. அங்கு வரும் மாணவர்கள் அதையே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போவதைக் கண்டால் இன்றும் மனம் ஆறவில்லை.

கல்வெட்டு எழுத்தின் மேல் சுண்ணாம்போ மாவோ தடவுவது

கூடாது. மாலைச் சாய்வெயிலில் எழுத்து தானாகத் தெரியும்.

சான்றில்லாமல் 'ஆயிரம் ஆண்டு' என்பது

எழுத வேண்டாம்.

தலபுராணத்தைத் தூக்கி எறிவது

தஞ்சைப் பெரிய கோயிலைக் கரிகாலன் கட்டியதாகவே அதன் தலபுராணமான தல மாகாத்மியம் கூறியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் அங்குள்ள கல்வெட்டுகளைப் படித்தபின்தான் இராசராசனின் பெயர் நிலைபெற்றது. கட்டியவர் யார் என்பதற்குத் தலபுராணம் சான்றாகாது. ஆனால் தீர்த்தம், தலமரம், திருவிழா ஆகியவற்றைப் பற்றி அது எழுதப்பட்ட காலத்து மக்கள் என்ன நம்பினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று அரிது.

மரபுகளைக் குருக்களிடம் மட்டும் கேட்பது

பூசை முறையைக் குருக்கள் சொல்வார். சுவாமி புறப்பாட்டில் எந்தத் தெருமுனையில் எவருடைய மண்டகப்படி (சுவாமியை நிறுத்திச் செய்யும் உபயம்), எங்கே எந்த இராகம் வாசிப்பது வழக்கம், எந்த நாளில் என்ன நைவேத்தியம் என்பவற்றை சுவாமியைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளும் நாதசுரக்காரரும் மடைப்பள்ளியில் இருப்பவரும்தான் அறிவார்கள். ஓதுவாரையும் விட்டுவிடாதீர்கள். இவர்களிடம் திருவிழா நாட்களில் பேச நேரமிராது; கொடியேற்றத்துக்கு முன்பே சென்று கேட்டு, சொன்னவர் சொன்னபடியே எழுதிக்கொள்ள வேண்டும்.