வீட்டுத் தோட்டத்தில் புல் வாய்க்கால் வெட்டுவது எப்படி?

சென்னைப் புறநகரில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, தெருக்கள் வீட்டு வாசலைவிட உயர்ந்துவிட்டன. முடிச்சூர் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கும் அதே கதிதான். மாடியிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் தெருவுக்கு ஏற முடியாமல் பின்பக்கத் தோட்டத்தில் தேங்கும். மூலையில் இருக்கிற, மழைத்தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் உறைகிணறு சேறு அடைத்து உபயோகமில்லாமல் கிடக்கும். இதற்காகத்தான் தோட்டத்தின் ஓரமாக 40 அடி நீளத்துக்குப் புல் வாய்க்கால் வெட்டினோம். அகலமான, ஆழம் குறைந்த, புல் மூடிய பள்ளம், அவ்வளவுதான். தண்ணீர் அதில் மெதுவாக நகரும். நகரும்போதே கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கிவிடும், சேறு புல்லில் தங்கிவிடும், மிச்சம் தெளிந்து உறைகிணற்றுக்குப் போகும்.

2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தமிழ்நாடு முழுக்க வீடுகளில் இந்தக் குழிகள் இறங்கின. வண்டலோடு வரும் தண்ணீரை நேராக உள்ளே விட்டால் எந்தக் குழியும் நாளடைவில் அடைத்துக்கொள்ளும். அதனால் உறைகிணறு வைத்திருப்பவர்கள் கட்டாயம் இதை யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் கணக்கும் மண்ணும்

1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 1,500 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 139 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் அந்த மாடியிலிருந்து மட்டும் 7,000 லிட்டருக்குக் கிட்டே இறங்கும். இவ்வளவையும் வாய்க்கால் பிடித்துவைக்காது. அதனால் மிச்சத் தண்ணீர் எங்கே போகும் என்பதை மண்வெட்டி எடுக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். எங்களுக்கு உறைகிணறு, அது நிரம்பினால் பின்பக்கச் சுவரில் ஒரு துளை வழியாகச் சந்து வடிகால்.

மண்ணைச் சோதிக்க ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் போதுமானது. திருவான்மியூர் மணல் என்றால் சட்டென்று உறிஞ்சிவிடும். பள்ளிக்கரணைக் களிமண்ணில் அப்படி எதிர்பார்க்க முடியாது.

வாய்க்கால் வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்கட்டும். அந்த இடம் இல்லாதவர்கள் இந்த முறைக்கு வராமல், மாடித் தண்ணீரை வடிகட்டித் தொட்டியில் சேர்ப்பதே நல்லது.

சரிவு: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

இந்த மாதிரி வாய்க்காலை ஆங்கிலத்தில் ஸ்வேல் (swale) என்பார்கள். வீடியோக்களில் அந்தப் பெயரில் காட்டுவதில் பெரும்பாலானவை பண்ணை நிலத்துக்கானவை. அங்கே சமஉயரக் கோட்டில், சரிவே இல்லாமல் வெட்டி, தண்ணீரை நிறுத்தி மரங்களுக்கு ஊற விடுவார்கள். வீட்டுப் பக்கத்தில் அப்படிச் செய்தால் கொசுப் பண்ணைதான். நமக்குத் தண்ணீர் நகர வேண்டும், ஆனால் ஓடக் கூடாது. இந்த வித்தியாசம் பிடிபடும்வரை நான் நிறையக் குழம்பினேன்.

100 அடிக்கு 1 முதல் 2 அடி இறக்கம் நல்லது. 1 அடிக்குக் குறைந்தால் களிமண்ணில் தண்ணீர் நின்றுவிடும். 4 அடியைத் தாண்டினால் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். 40 அடி நீளத்துக்கு 100-க்கு ஒன்றரை என்று வைத்தால் மொத்த இறக்கம் 7 அங்குலத்துக்குச் சற்று மேல். இதைக் கண்ணால் அளக்க யாராலும் முடியாது. தோட்டம் எந்தப் பக்கம் சரிகிறது என்பதிலேயே கண் ஏமாற்றும்.

லேசர் கருவி எல்லாம் வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவல் போதும். என்னைக் கேட்டால் அதுதான் சிறந்தது. 15 மீட்டர் நீளத் தெளிவான ட்யூப் வாங்குங்கள். ஒரு பக்கெட் தண்ணீரில் சில துளி சொட்டுநீலம் கலந்து உயரமான இடத்தில் வையுங்கள். ட்யூபின் ஒரு முனையை அதில் அமிழ்த்தி, மறுமுனையை வாயால் உறிஞ்சித் தண்ணீரை இறங்க விடுங்கள். குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. சரிபார்க்க இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள்: இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் நடுவில் எங்கோ குமிழி மாட்டியிருக்கிறது. ட்யூபை விரலால் சுண்டிக்கொண்டே போனால் கிளம்பி வந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு முளைகூட அடிக்காதீர்கள்.

பிறகு வாய்க்காலின் தலைப்பில், அதாவது தண்ணீர் நுழையும் முனையில் ஒரு முளை, கடைசியில் ஒரு முளை. இரண்டிலும் தண்ணீர் மட்டத்தைக் குறித்து, அந்தக் குறிகளுக்கு இடையே நூல் கட்டுங்கள், தொய்வு இல்லாமல். இப்போது நூல் சமமட்டம். தலைப்பில் நூலிலிருந்து வாய்க்கால் அடிவரை 18 அங்குலம் என்று வைத்தால், 10 அடியில் 19¾, 20 அடியில் 21½, 30 அடியில் 23½, கடைசியில் 25¼ அங்குலம் இருக்க வேண்டும். ஒரு குச்சியில் இந்த அளவுகளைக் கோடு போட்டுக்கொண்டால் வெட்டுகிறவரே அடிக்கடி வைத்துப் பார்த்துக்கொள்வார்.

வெட்டுதல்

ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள். சின்ன வண்டி என்றாலும் அதன் எடை மண்ணை இறுக்கிவிடும், அதன்பின் தண்ணீர் இறங்காது. மண்வெட்டி, கடப்பாரை, மண் அள்ளும் பாண்டு, இரண்டு ஆட்கள் போதும்.

அடிப்பாகம் 2 அடி அகலத்தில் தட்டையாக இருக்க வேண்டும். ஆங்கில ‘வி’ மாதிரி வெட்டினால் தண்ணீர் நடுவில் குவிந்து அறுத்துவிடும். பக்கங்கள் 1 அடி இறங்க 3 அடி விலக வேண்டும். சமமான தோட்டத்தில் தலைப்பில் 6 அங்குல ஆழம், 5 அடி மேலகலம். கடைசியில் 13 அங்குல ஆழம், எட்டரை அடி மேலகலம் வரும். “இவ்வளவு இடமா” என்று வீட்டில் கேட்பார்கள். புல் வளர்ந்தபின் அது தோட்டத்தின் ஒரு சாய்வுதான், குழந்தைகள் அதில்தான் விளையாடுவார்கள். ஏறக்குறைய ஒன்றரை யூனிட் (150 கன அடி) மண் வெளியே வரும். அதைத் தாழ்வான பக்கத்துக் கரையில் போட்டு மிதித்துவிடுங்கள்.

வெட்டி முடித்ததும் அடிப்பாகத்தைக் கடப்பாரையால் ஒரு அடி ஆழத்துக்குக் கிளறி, மக்கிய தொழுஉரம் கலக்குங்கள். களிமண்ணில் கொஞ்சமாக மணல் கலப்பது பலன் தராது, இன்னும் இறுகிப்போகும்.

மாடிக் குழாய் வந்து விழும் இடத்தில் கருங்கல் துண்டுகளைப் பரப்புங்கள். எங்கள் 40 அடிக்கு இரண்டு கல் தடுப்புகள், 4 அங்குல உயரம். இரண்டு விஷயம் முக்கியம்: தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், ஓரக் கற்கள் கரைக்குள் ஒரு அடி புதைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டு கரையை உடைத்துவிடும்.

புல்

அடியில் அருகம்புல். இதில் எனக்கு வேறு யோசனையே இல்லை. நர்சரியில் மெக்சிகன் கிராஸ் தள்ளப் பார்ப்பார்கள். அழகுதான், ஆனால் கோடையில் தண்ணீர் ஊற்றியே தீர வேண்டும். அருகு வெயிலில் காய்ந்தாலும் ஒரு மழையில் துளிர்த்துவிடும். கல் தடுப்புகளின் மேல்பக்கம், தண்ணீர் போகும் திசைக்குக் குறுக்காக, அரை அடிக்கு ஒன்றாக வெட்டிவேர் நாற்று. கடலூர் மாவட்டத்தில் இதைப் பயிராகவே செய்கிறார்கள். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக ஆழத்துக்குப் போவதால் மண்ணை ஆணி அடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும்.

ஆடிப் பட்டத்தில் நட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கும் முன் புல் வேர்பிடித்திருக்க வேண்டும். புரட்டாசியில் நட்டால் முதல் பெருமழையிலேயே எல்லாம் அடித்துக்கொண்டு போகும். தாமதமாகிவிட்டது என்றால் மேலே தென்னைநார் வலை விரித்து முளையடியுங்கள். புல் வேர்பிடிக்கும்வரை மாடிக் குழாயைத் திசைதிருப்பி வையுங்கள்.

புல்லை ஒட்ட வெட்டாதீர்கள், 3 முதல் 4 அங்குலம் நிற்கட்டும். தண்ணீரின் வேகத்தைக் குறைப்பதும் சேற்றைப் பிடிப்பதும் அந்த உயரம்தான். பெரிய அளவில் இதே வழியில் போனவர்கள் சிங்கப்பூர்காரர்கள். பிஷான்–அங் மோ கியோ பூங்காவில் நேராக ஓடிய கான்கிரீட் கால்வாயை உடைத்து, புல்லும் செடியும் கரைகட்டிய வளைந்த ஆறாக 2012-ல் மாற்றினார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் மழை நாளில் ஒருமுறை பாருங்கள்.

பின்சேர்க்கை: நீங்கள் கேட்டவை

கொசு வருமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மழை விட்டு இரண்டு நாளில் வாய்க்கால் வடிந்துவிட்டால் கவலை இல்லை. அதற்குமேலும் நின்றால் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து, அங்கே மட்டும் நூல் கட்டி அளந்து நிரவுங்கள். பெரும்பாலும் தடுப்புக்கு மேல்பக்கம் வண்டல் சேர்ந்திருக்கும். தை மாதத்தில் அதை வாரிச் செடிகளுக்குப் போடலாம்.

துணி துவைத்த தண்ணீரை இதில் விடலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம். தினமும் ஈரம் இருந்தால் வாய்க்கால் காயாது, மழைக்கு இடமும் இருக்காது. அந்தத் தண்ணீருக்கு வாழையும் கல்வாழையும் வைத்துத் தனிப் பாத்தி போடுங்கள்.

செப்டிக் டேங்க் பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க: வாய்க்காலை அதன் மேலேயோ ஒட்டியோ கொண்டுபோகாதீர்கள். இறங்கும் மழைத்தண்ணீர் சுவர் விரிசல் வழியாக டேங்கை நிரப்பும், டேங்கின் கசிவு உறைகிணற்றுக்கு வரும். தோட்டத்தின் எதிர்ப்பக்கம் இடம் இருந்தால் குழாயை நீட்டி அங்கே கொண்டுபோங்கள். குழாய்ச் செலவைப் பார்க்காதீர்கள்.