காலி செல்களை மேக்ரோவால் நிரப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் எக்செல்லில் மேக்ரோ (வேலையைத் தானே செய்ய எழுதி வைக்கும் கட்டளைத் தொகுப்பு) ஓட்டிக்கொண்டிருந்தார். பில்லிங் மென்பொருளிலிருந்து எடுத்த பட்டியல் அது. ஊர்ப் பெயர் முதல் வரியில் மட்டும் இருக்கும், அதன் கீழே எல்லாம் காலி. மேலே உள்ள பெயரால் காலி செல்களை நிரப்பிவிட்டு, உடனே தொகைப்படி வரிசைப்படுத்தப் போனார். "தம்பி, கொஞ்சம் நில்லுங்க" என்றேன். பல வருடம் முன்னால் நான் செய்த அதே தவறு. கோப்பை மேக்ரோ வகையில் சேமிக்க மறப்பது மாதிரியான விஷயங்களை விட்டுவிடுகிறேன், அவற்றை எக்செல்லே சொல்லிக்கொடுத்துவிடும்.

ஃபார்முலாவோடு வரிசைப்படுத்துவது

பெரும்பாலான மேக்ரோக்கள் காலி செல்களை ஸ்பெஷல்செல்ஸ் (குறிப்பிட்ட வகைச் செல்களைத் தேடித் தரும் கட்டளை) மூலம் பிடித்து, ஒவ்வொன்றிலும் 'எனக்கு மேலே உள்ள செல்' என்ற ஃபார்முலாவைப் போடுகின்றன. திரையில் பெயர் தெரியும், ஆனால் உள்ளே பெயர் இல்லை.

ஐந்து வரியில் பாருங்கள். மதுரைக்கு 45,000, 8,000, 30,000. அடுத்து தேனிக்கு 20,000, 12,000. இரண்டு ஊரிலும் முதல் வரியில்தான் உண்மையான பெயர், மற்ற மூன்றும் ஃபார்முலா. பெரிய தொகை மேலே வரும்படி வரிசைப்படுத்தினால் 8,000 கடைசிக்குப் போகும். அதற்கு மேலே இப்போது இருப்பது தேனியின் 12,000. ஆக மதுரையின் 8,000 தேனி கணக்கில் ஏறிவிடும்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல், மொத்தக் கூட்டல் சரியாக வருவதுதான். முன்னாலும் 1,15,000, பின்னாலும் 1,15,000. சிவப்புக் குறியும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. நான் கூட்டலை மட்டும் பார்த்துவிட்டு பட்டியலைக் கொடுத்தேன். பாக்கி கேட்டுக் கடிதம் போன பிறகு ஒருவர் போன் செய்து, "வாங்காத சரக்குக்கு நான் ஏன் பணம் தரணும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பில் பில்லாக ஒத்துப்பார்த்துச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது.

நிரப்பி முடித்ததும் அந்த நெடுவரிசை முழுவதையும் நகலெடுத்து, அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷலில் 'வேல்யூஸ்' போடுங்கள், ஃபார்முலா போய் பெயர் மட்டும் தங்கும். இதையும் மேக்ரோவின் கடைசி வரிகளாகவே எழுதிவிடுங்கள், கையால் செய்யலாம் என்று விட்டால் ஒருநாள் மறக்கும். சிலர் நிரப்பிய செல்களுக்கு மட்டும் 'வேல்யூ சமம் வேல்யூ' என்று, அதாவது செல்லின் மதிப்பை அதே செல்லில் திரும்பப் போடும்படி, மேக்ரோவில் எழுதுகிறார்கள். அந்தச் செல்கள் துண்டு துண்டாகக் கிடந்தால் எக்செல் முதல் துண்டின் மதிப்பை மட்டும் படித்து எல்லாவற்றுக்கும் போட்டுவிடும். அப்புறம், பொது வடிவத்தில் இருக்கும் செல்லில் 0045 என்ற குறியீடு அந்த வழியில் 45 ஆகிவிடும்.

கடைசி வரியைத் தவறாகக் கண்டுபிடிப்பது

ஊர் நெடுவரிசையில் கீழிருந்து மேலே தேடினால் கடைசி ஊரின் பெயரில் போய் நிற்கும், அதற்குக் கீழே உள்ள பில்கள் நிரம்பாது. எல்லா வரியிலும் கட்டாயம் இருக்கும் பில் எண்ணை வைத்துத் தேடுங்கள்.

ஒரே செல்லைத் தேர்ந்து ஓட்டுவது

ஸ்பெஷல்செல்ஸ் அப்போது தாளில் பயன்பட்ட பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

காலி போலத் தெரிபவை

ஒரு ஸ்பேஸ் இருந்தாலும் அது காலி இல்லை, மேக்ரோ தாண்டிப் போய்விடும். காலியே இல்லாத இடத்தில் ஓட்டினால் 1004 பிழை வந்து நிற்கும்.

அன்டூவை நம்புவது

மேக்ரோ மாற்றியதை அன்டூ திருப்பித் தராது. முதலில் தாளுக்கு ஒரு நகல்.

எல்லாக் காலியையும் நிரப்புவது

வருகைப் பதிவில் காலி என்றால் வரவில்லை என்று அர்த்தம். அங்கே மேலே உள்ளதை இழுத்து நிரப்பினால் விடுப்பில் இருந்தவருக்கும் வருகை விழும். எந்த நெடுவரிசையை நிரப்பலாம் என்பதைப் பட்டியல் தயாரித்தவரிடம் கேட்டு, அதன் பெயரை மட்டும் மேக்ரோவில் எழுதுங்கள்.