இறுகிப்போன ஆயில் ஃபில்டர்: ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள்

வேலை பழக வரும் பையன்களும் சரி, வீட்டு வாசலிலேயே ஆயில் மாற்றுகிறவர்களும் சரி, ஃபில்டர் கழலவில்லை என்றதும் ஒரே மாதிரிதான் தடுமாறுகிறார்கள். ஆயில் சுடும், ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்பதெல்லாம் தெரிந்ததுதான். நான் சொல்ல வருவது வேறு: ஃபில்டர் கழலாதபோது செய்யும் தவறுகள். டப்பா போல வெளியே தெரியும், மரையில் திருகி மாட்டும் ஃபில்டரைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

ஆயிலை முதலில் வடித்துவிடுவது

ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டைத் தொடும் முன் ஃபில்டர் அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லை என்றால் அப்படியே மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகலாம். வடித்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டது.

ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்புவது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். யாரோ சொல்லிக் கொடுத்து, பலரும் இதை ஒரு வித்தை என்றே நம்புகிறார்கள். ஃபில்டரை உண்மையில் பிடித்து வைத்திருப்பது எஞ்சின் பக்கம் இருக்கும் ரப்பர் ரிங். அதைத் தாங்கும் அடித்தட்டு கனமானது. மேலே இருக்கும் டப்பாவோ மெல்லிய தகரம். தகரத்தில் ஓட்டை போட்டு நெம்பினால், ரிங் அசையும் முன் தகரம் கிழியும். சரி, கிழியாமல் இருக்க அடித்தட்டுக்குப் பக்கத்திலேயே குத்தலாமே என்பார்கள். அங்கேதான் எஞ்சினிலிருந்து நீளும் மரைக்குழாய் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனை அதில் பட்டால் மரை போச்சு.

ஒரு டீசல் வண்டியை இப்படித்தான் கட்டி இழுத்து வந்தார்கள். தகரம் சுருள் சுருளாகக் கிழிந்து தொங்க, ஆயில் முழுவதும் வடித்தாகிவிட்டது. அந்த எஞ்சினில் ஃபில்டர் உட்காருவது, ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரின் மேல். அடித்தட்டை ஒருவழியாக எடுத்துப் பார்த்தால் மரைக்குழாயில் பள்ளம். ஃபில்டர் மாற்ற வேண்டிய வேலை, அந்தக் குழாய்க்காகக் கடை கடையாக அலைவதில் போய் நின்றது. குத்தாமல் விட்டிருந்தால் வண்டி தானே ஓடி வந்திருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சூட்டில் ரப்பர் கொஞ்சம் இளகும். டப்பாவில் ஆயில் பிசுக்கே இல்லாமல் பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். அப்புறம் டப்பாவைச் சுற்றிப் பிடிக்கும் பெல்ட் ஸ்பேனரையோ செயின் ஸ்பேனரையோ எஞ்சினை ஒட்டிய பக்கமாகப் போடுங்கள், அங்கேதான் டப்பா நசுங்காது. வழுக்கினால் இடையில் உப்புத்தாளை வையுங்கள். இடம் குறுகலாக இருந்தால், ஃபில்டர் முனையில் கச்சிதமாகப் பொருந்தும் கப் ஸ்பேனர்தான் கைகொடுக்கும்.

ஏற்கெனவே கிழித்துவிட்டீர்களா? எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஆயில் பீய்ச்சி வெளியேறும். தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு, அடித்தட்டின் விளிம்பில் உளியைச் சாய்த்து வைத்து, கழலும் திசையில் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். ஆயில் போகும் சிறு ஓட்டைகள் அடித்தட்டிலேயே இருக்கும். அவற்றில் உளி முனையைக் கொடுத்தும் தட்டலாம். நடுவில் இருக்கும் மரைக்குழாயிலும் எஞ்சினின் வழவழப்பான முகத்திலும் உளி படவே கூடாது.

திசை மாறித் திருப்புவது

ஃபில்டரின் மூடிய முனையைப் பார்த்தபடி இடஞ்சுழியாக. மேலிருந்து கையை நுழைத்துத் திருப்பினால் தலைகீழாகத் தெரியும், கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிடுவீர்கள்.

நெருப்புக் காட்டுவது

வேண்டவே வேண்டாம். உள்ளே ஆயிலில் ஊறிய காகிதம் இருக்கிறது.

பழைய ரிங்கைப் பார்க்காமல் விடுவது

இறுகிய ஃபில்டர் வரும்போது ரப்பர் ரிங் பல சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மேலேயே புதிய ஃபில்டரை மாட்டினால் இரண்டு ரிங்கும் நழுவி, ஆயில் நிமிடங்களில் கொட்டிவிடும். கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சினே சீஸ் ஆகி, சுற்றாமல் இறுகி நின்றுவிடும். விரலால் தடவிப் பாருங்கள்.

புதியதை ஸ்பேனரால் இறுக்குவது

அடுத்த முறை கழலாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ரிங்கில் புது ஆயிலைத் தடவி, அது எஞ்சினைத் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று. சில ஃபில்டர்களுக்கு அளவு மாறும், டப்பாவின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். ஸ்டார்ட் செய்து, ஆயில் லைட் அணைந்ததும் கீழே குனிந்து கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.