பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிறந்த பொருளை விமானத்தில் ஏற்றுவது எப்படி?

அமெரிக்காவில் பிஎச்டி முடிக்கிற நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது: "எங்கள் லேபில் ஒரு கார்பன் ஃபைபர் கலவை செய்திருக்கிறோம், வலிமை பிரமாதம், இதை வைத்து விமானத் துறைக்கு ஒரு சின்ன கம்பெனி தொடங்கலாமா?" தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் ஆய்வுக் கட்டுரையில் இருக்கிற அந்த வலிமை எண்ணை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். ஐம்பதாவது தடவை, வேறொரு ஆள் செய்தாலும் அதே எண் வருமா என்பதற்குத்தான் காசு.

முதலில் உரிமை. நீங்களே கண்டுபிடித்திருந்தாலும் காப்புரிமை பெரும்பாலும் பல்கலைக்கழகத்துடையது. அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள 1980இல் வந்த பே-டோல் சட்டம் வழி செய்தது. எடுத்த எடுப்பில் முழு லைசென்ஸ் கேட்காமல், சில மாதங்களுக்கு ஆப்ஷன் ஒப்பந்தம் (லைசென்ஸ் எடுக்கும் வாய்ப்பை உங்களுக்காகப் பிடித்துவைப்பது) கேளுங்கள், செலவு குறைவு. எல்லாத் துறைக்கும் சேர்த்துக் கேட்க வேண்டாம், விமானம், விண்வெளி வரைக்கும் தனியுரிமை கிடைத்தால் போதும். இன்னொன்று, காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் மாநாட்டில் பேசிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் பொதுவாகக் கிடையாது.

பணத்துக்கு எஸ்பிஐஆர், எஸ்டிடிஆர் என்று சின்ன கம்பெனிகளின் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற இரண்டு அமெரிக்க அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. எஸ்டிடிஆரில் குறைந்தது 40 சதவீத வேலையைக் கம்பெனியும் 30 சதவீதத்தைப் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டும், அதனால் பழைய லேபின் மெஷின்களை விடாமல் பயன்படுத்தலாம். நம்மவர்கள் தடுக்கி விழுகிற இடம் வேறு: கம்பெனியில் பாதிக்கு மேல் பங்கு பொதுவாகக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களிடம் இருக்க வேண்டும். மாணவர் விசாவில் இருந்தால் கூட்டாளியை முதலிலேயே தேடுங்கள். இந்தத் திட்டங்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவ்வப்போது நீட்டிப்பு தர வேண்டும் என்பதால், அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அப்புறம்தான் நிஜமான வேலை. விமானத் துறையில் பி-பேசிஸ் என்று ஒரு எண் கேட்பார்கள். எடுக்கிற மாதிரிகளில் 90 சதவீதம் இந்த எண்ணுக்கு மேலேதான் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்வது அது. கலவைப் பொருட்களுக்கான சிஎம்எச்-17 கையேட்டின்படி, ஒவ்வொரு பண்புக்கும் ஒவ்வொரு சூழலுக்கும் குறைந்தபட்சம் 3 பேட்ச் (தனித்தனியாகத் தயாரித்த தொகுதி), 18 கூப்பன் (சோதனைக்கு வெட்டிய துண்டு). இழுவை, அமுக்கம், அறை வெப்பம், சூடும் ஈரமும் என்று பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும்.

நான் வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனியில் இரண்டாவது பேட்ச் பேனலை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஊசிமுனை அளவில் நிறையக் குமிழிகள். ரெசின் மேல் சந்தேகம், அடுப்பு மேல் சந்தேகம், மூன்று வாரம் போனது. கடைசியில் பார்த்தால், பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருந்த பிரீப்ரெக் (முன்பே ரெசின் ஊறவைத்த ஃபைபர்) சுருளை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, குளிர் தணியும் முன்பே புது ஆள் பையைப் பிரித்துவிட்டார். காற்றிலிருந்த ஈரம் அதன்மேல் வியர்த்து, சூட்டில் ஆவியாகிக் குமிழியாக நின்றுவிட்டது. பல்கலைக்கழக லேபில் இதைச் செய்துவந்த மாணவிக்குக் குளிர் தணியும்வரை காத்திருப்பது கைப்பழக்கம், அதனால் எந்தக் குறிப்பிலும் எழுதவில்லை! காப்புரிமைப் பத்திரத்தில் இதெல்லாம் இருக்காது. முடிந்தால் அந்த மாணவரையே வேலைக்கு எடுங்கள். முடியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கை செய்வதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள்.

விண்வெளிக்கு என்றால், பொருளிலிருந்து எவ்வளவு ஆவி வெளியேறுகிறது என்று பார்க்கிற ஏஎஸ்டிஎம் இ595 சோதனையை முதலிலேயே செய்துவிடுங்கள். வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம். எடை இழப்பு 1 சதவீதத்துக்கும், குளிர்ந்த தட்டில் படிகிற ஆவி 0.1 சதவீதத்துக்கும் மேல் போனால் செயற்கைக்கோள்காரர்கள் திரும்பிப் பார்ப்பதே கஷ்டம். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டையும் மறக்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் வெளிப்படையாக வெளியிடுகிற ஆராய்ச்சிக்கு இருந்த விலக்கு, கம்பெனியின் ரகசியச் செய்முறைக்குக் கிடைக்காது. அந்தச் செய்முறை கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தால், குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத பக்கத்து மேசை இந்தியரிடம் காட்டுவதே ஏற்றுமதிக் கணக்கில் வரும்.

எல்லாவற்றையும் நீங்களே தயாரிக்க வேண்டும் என்றில்லை. இல்லினாய் மாநிலத்து குவெஸ்டெக், அப்போது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த கிரெக் ஓல்சனின் ஆராய்ச்சியிலிருந்து 1997இல் வந்த கம்பெனி. அவர்களுடைய ஃபெர்ரியம் எஸ்53 எஃகு, லேண்டிங் கியரில் நச்சான கேட்மியம் பூச்சு கேட்கிற பழைய எஃகுக்கு மாற்று. அவர்கள் உலை கட்டவில்லை, கலவையைக் கணினியில் வடிவமைத்து, உருக்குகிற வேலையை எஃகு ஆலைகளுக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். 2010 கடைசியில் டி-38 பயிற்சி விமானத்தில் அது பறந்தது.

சின்ன கம்பெனிக்கு நான் சொல்வது, இறக்கையைத் தொடாதீர்கள், ட்ரோன் மூடியோ செயற்கைக்கோள் பிராக்கெட்டோ போதும். வாங்க வருகிறவரிடம், "எந்த ஸ்பெக் எண்ணில் ஆர்டர் போடுவீர்கள்?" என்று கேளுங்கள் (ஸ்பெக் என்றால் பொருளின் தரத்தை வரையறுக்கிற ஆவணம்). முழித்தால் அவர் ஆராய்ச்சிப் பிரிவு ஆள், கொள்முதல் ஆளைப் பார்க்க இன்னொரு தடவை போக வேண்டியிருக்கும்.